தொட்டியில் விழுந்த பேச்சு

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் ஊசிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. யாரோ பழக்க தோஷத்தில் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்தான். "மூணு பேரும் உள்ளயே கிடக்கட்டும்" என்று வெளியிலிருந்து ஒரு பெண் குரல் சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது.

"அத்தான், நம்மளையும் சேர்த்துதான் எண்ணியிருக்காங்க" என்றான்.

அத்தான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குப் பூட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாயை அவ்வளவு சுலபத்தில் திறக்க மாட்டார். ஊசி அவருடைய மனைவியின் தம்பி. ஆள் மெலிவு, பேச்சு குத்தல். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது பேசணும், நீயும் கூடப் போடா" என்று அக்கா சொல்லி அனுப்பியதில் ஆரம்பித்த உதவியாளர் உத்தியோகம். இன்னும் நிரந்தரமாகவில்லை.

அறைக்குள் இருந்த மூன்றாவது ஆள் பம்ப்காரர். அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தின் மோட்டார், குழாய், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. அவரைத் தேடித்தான் இருவரும் தரைக்கு அடியில் இருந்த கீழ்த்தளத்துப் பம்ப் அறைக்குள் வந்திருந்தார்கள்.

வந்த காரணம் இதுதான். போன வாரம் விடியற்காலையில், இதே கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், வீடு வீடாகப் பேப்பர் போடும் பெரியவரை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சாட்சி இல்லை என்று போலீஸ் கையை விரித்துவிட்டது. பெரியவரின் மனைவி பூட்டிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று. "யாருன்னு கண்டுபிடிங்க. ஏன் நிக்காம போனேன்னு நான் கேக்கணும்." அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் விழித்திருக்கக்கூடிய ஒரே ஆள், மோட்டார் போட வரும் பம்ப்காரர்தான்.

ஆனால் கட்டிடத்தில் யாருக்கும் பேப்பர்காரர் ஞாபகமே இல்லை. நேற்றிலிருந்து எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. பம்ப்காரர் தொட்டித் தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்.

"பிளீச்சிங் பவுடர் சார்" என்றார் பம்ப்காரர். ஐம்பது வயதிருக்கும். சட்டைக் கையில் கிரீஸ் கறை. "தொட்டி கழுவினா எப்பவும் போடறதுதான். ஒரு நாள் வாடை இருக்கும், அப்புறம் போயிடும். இத்தனை வருஷமா போடறேன். இந்தத் தடவைதான் விஷமாயிடுச்சு."

"அது இருக்கட்டும்" என்றார் பூட்டு. "அன்னிக்கு எந்தக் கார்?"

பம்ப்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "பார்த்தேன் சார். யார் ஓட்டினாங்கன்னும் தெரியும். ஆனா நாளைக்குக் காலை வரைக்கும் சொல்ல மாட்டேன். அவங்க வீட்ல வாக்கு கொடுத்திருக்கேன். தானா போய் போலீஸ்ல சொல்லட்டும், இல்லன்னா நான் போய்ச் சொல்றேன்னு."

"அண்ணே, நாளைக்குக் காலைல நீங்க முழுசா இருப்பீங்களான்னே தெரியலை" என்றான் ஊசி. "இதுல வாக்கு வேறயா?"

"அந்த வீட்டுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன் தம்பி" என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. உள்ளே இன்னொரு பூட்டு மாட்டிக்கொண்டதே என்று ஊசி நொந்துகொண்டான்.

அறை சின்னது. இரண்டு மோட்டார், சுவரெல்லாம் குழாய், மூலையில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மின்சாரக் கெட்டில். கைபேசியில் சிக்னல் செத்துக் கிடந்தது. கூரையை ஒட்டி ஒரு கம்பி ஜன்னல். அதற்கு வெளியே கட்டிடத்தின் முற்றம். ஜன்னல் தரை மட்டத்தில் இருந்ததால் உள்ளிருந்து பார்த்தால் கால்கள் மட்டும்தான் தெரியும். இப்போது அங்கே கால்களாகக் கூடியிருந்தன. செருப்பு, ஷூ, வெறுங்கால், இன்னும் வந்துகொண்டே இருந்தன.

ஊசி ஸ்டூலில் இருந்த கெட்டிலை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் ஏறினான்.

"அந்த வெள்ளி வார் வச்ச செருப்பு குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி அம்மா, அத்தான். கேன்வாஸ் ஷூ மூணாவது மாடி வாத்தியார். சாயந்திரம் எல்லார் வீட்லயும் விசாரிக்கப் போனோமே, நல்லா கவனிச்சு வச்சிருக்கேன்."

"டீயைத்தானே கவனிச்சே?" என்றார் பூட்டு.

"அதையும்தான். எல்லாரும் கேன் தண்ணியில டீ போட்டுக் கொடுத்தாங்க. செக்ரட்டரி வீட்ல சக்கரை அதிகம். வாத்தியார் வீட்ல சக்கரையே இல்லை. தரைத்தளத்து நர்ஸம்மா வீட்ல பாலில்லாத டீ, மேல ஏதோ ஆடை மாதிரி மிதந்து உதட்டுல ஒட்டிக்கிச்சு. சோப்பு சரியா போகலை போலிருக்குன்னு பேசாம குடிச்சிட்டேன். நம்ம பொழைப்பு அப்படி."

பூட்டு அவனை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஸ்டூலில் ஏறினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "செக்ரட்டரி அம்மா, தண்ணியில கலந்ததை யார் பார்த்தது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க!" வெள்ளி வார்ச் செருப்பு ஓர் அடி முன்னால் வந்தது. "என் பேரனுக்கு வயித்தால போகுது. நாலாவது மாடியில ரெண்டு பேருக்கு மயக்கம்."

"நீங்க எப்ப நம்ப ஆரம்பிச்சீங்க?"

"வாத்தியாரே கேன் தண்ணி வாங்கினாரு. படிச்சவரு. சும்மாவா வாங்குவாரு?"

"வாத்தியார் சார், நீங்க?"

கேன்வாஸ் ஷூ கொஞ்சம் தயங்கியது. "அது வந்து... செக்ரட்டரி அம்மா வீட்ல கேன் இறங்கிச்சு. அவங்களுக்குத் தெரியாம இருக்குமான்னுதான்..."

ஊசி கீழே நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டான். "ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறி நிக்கிறாங்க. கீழே யாருமே இல்லை."

"முதல்ல யார் வீட்டு வாசல்ல கேன் வந்துச்சு?" பூட்டு விடவில்லை.

"நர்ஸம்மா வாசல்லதான்" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவை அந்தக் கட்டிடத்தில் தெரியாதவர்கள் இல்லை. பாதிக் குழந்தைகளுக்கு ஊசி போட்ட கை. "ஆனா அவங்க பாவம் யாரையும் ஒண்ணும் சொல்லலை. நான் குடிக்கிறதில்லை, உங்க இஷ்டம்னு மட்டும்தான் சொன்னாங்க."

"போலீஸுக்குச் சொல்லியாச்சா?"

"ஓ, அப்பவே!"

"யார் சொன்னது?"

வெளியே கால்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. வாத்தியார் சொல்லியிருப்பார் என்று செக்ரட்டரி நினைத்திருந்தார். செக்ரட்டரி சொல்லியிருப்பார் என்று வாத்தியார் நினைத்திருந்தார். நாலாவது மாடிக்காரர்கள் இந்த இருவரையும் நம்பியிருந்தார்கள். ஊசிக்கு இப்போதுதான் நிலைமை புரிந்தது. இவ்வளவு பேர் கூடியும், போலீஸ் வரப்போவதில்லை.

பம்ப்காரருக்குப் பொறுக்கவில்லை. சுவர்க் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து, ஜன்னலுக்கு நேராக உயர்த்திக் காட்டிவிட்டு மடமடவென்று குடித்தார். "இதோ பாருங்க! தொட்டியிலருந்து வர்ற தண்ணிதான். எனக்கு ஏதாவது ஆச்சா?"

"முன்னாடியே மாத்து மருந்து தின்னிருப்பான்" என்றது ஒரு குரல்.

பூட்டும் ஒரு தம்ளர் குடித்தார்.

"பார்த்தீங்களா? அவனுங்களும் கூட்டாளிங்கதான்!"

ஊசியும் தம்ளரை எடுத்தான், கொஞ்சம் யோசித்தான், கீழே வைத்துவிட்டான். "நான் குடிச்சா மூணு பேரும் ஒரே குடும்பம்னு சொல்லிடுவாங்க. எதுக்கு வம்பு?"

அந்தச் சமயத்தில் முற்றத்துக் கூட்டத்தில் இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி பெரிய பூட்ஸ், பக்கத்தில் ஒரு கடப்பாரையின் நுனி. "எதுக்குப் பூட்டி வச்சுக்கிட்டு? வெளியே இழுத்துப் போட்டுக் கேப்போம். சொல்லுவான்." கால்களில் பாதி ஜன்னலை விட்டு நகர்ந்து கீழ்த்தளப் படிகளின் பக்கம் போயின.

இதுவரை கதவு திறக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த ஊசி, பாய்ந்து போய் உள்தாழ்ப்பாளைப் போட்டான். சிரிப்புக் காட்ட ஒன்றும் தோன்றவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பம்ப்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கெட்டிலைப் போட்டிருந்தார். அவர் பழக்கம் அது போலிருக்கிறது. கஷ்டம் வந்தால் டீ. கறுப்பு டீயை ஒரு தம்ளரில் ஊற்றி ஊசியிடம் நீட்டினார். "பிடிங்க தம்பி. நாக்கு வறண்டு போச்சு உங்களுக்கு."

ஊசி வாங்கி ஒரு வாய் வைத்தான். முகத்தைச் சுளித்தான். "அண்ணே, நீங்களுமா? இதுலயும் ஆடை மிதக்குது. இந்தக் கட்டிடத்துல யாருமே தம்ளரைக் கழுவ மாட்டீங்களா?"

"கழுவாம இல்லை தம்பி. இது ஆழ்குழாய்த் தண்ணி, உப்பு ஜாஸ்தி. கெட்டிலைப் பாருங்க, உள்ளே எப்படி வெள்ளையா காரை படிஞ்சிருக்கு. இந்தத் தண்ணியில டீ போட்டா மேல அப்படித்தான் படியும். கேன் தண்ணியில படியாது."

சொல்லிவிட்டு அவர் தன்பாட்டுக்கு அடுத்த தம்ளரை எடுத்தார். பூட்டு மட்டும் ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார். அவரும் ஊசியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நர்ஸம்மா" என்றான் ஊசி.

"அவங்க ஹால்ல இருந்த கேன்ல சீல் உடையவே இல்லை" என்றார் பூட்டு. "அழகுக்கு வச்சிருக்காங்கன்னு அப்பவே ஒரு உறுத்தல். ஊர் முழுக்கப் பயப்படுற தண்ணியை ஒருத்தர் மட்டும் பயமில்லாம அடுப்புல வைக்கிறாங்கன்னா என்ன அர்த்தம்? அதுல ஒண்ணுமில்லைன்னு அவங்களுக்கு நிச்சயமா தெரியும்." பம்ப்காரர் பக்கம் திரும்பினார். "ஒருத்தர் பேச்சை நாளைக்கு யாரும் நம்பக்கூடாதுன்னா, அவரைப் பத்தி இன்னிக்கே ஒரு பேச்சைக் கிளப்பிடணும். நீங்க வாக்கு கொடுத்த வீடு அதுதானே? ஓட்டினது அவங்க பையனா?"

பம்ப்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. "என் பொண்ணு பிறந்தப்போ மூச்சே இல்லை சார். அந்தம்மாதான் மூச்சு வரவழைச்சாங்க. அவங்க போய்..." என்று ஆரம்பித்து, முகத்தைச் சட்டைக் கையில் புதைத்துக்கொண்டார். அடிபடுவோம் என்ற பயத்தில்கூட அழாத ஆள், இதற்கு அழுதார்.

வெளித்தாழ்ப்பாள் விலகிய சத்தத்தோடு கதவில் முதல் அடி விழுந்தது. அறை அதிர்ந்தது.

பூட்டு மறுபடி ஸ்டூலில் ஏறிக் குரலை உயர்த்தினார். ஊசிக்குத் தெரிந்து அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. "நர்ஸம்மா இங்க வரட்டும்! அவங்க சொல்றதைக் கேப்பீங்க இல்ல?"

கால்கள் விலகி வழிவிட்டன. சாதாரண நீல ரப்பர் செருப்பு ஒன்று ஜன்னல் அருகே வந்து நின்றது. பிறகு முழங்கால் மடங்கியது. இத்தனை நேரம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் முறையாக ஒரு முகம் தெரிந்தது. நரைத்த தலை, களைத்த கண். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

பூட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்டு டீயில ஆடை மிதந்துச்சும்மா."

அந்த அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. "இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை தம்பி" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது. "அவரை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க, அதோட போயிடும்னு நினைச்சேன். என் பையன் இப்பத்தான் வேலையில சேரப் போறான்."

"கதவை உடைச்சா இவர் மிஞ்ச மாட்டார்." பூட்டு கம்பி வழியாகத் தண்ணீர்த் தம்ளரை நீட்டினார். "எல்லாரும் பார்க்கிற மாதிரி குடிங்க."

அவள் தம்ளரை வாங்கினாள். எழுந்து நின்றாள். முகம் மறைந்து மறுபடி நீலச் செருப்பு மட்டும் தெரிந்தது. "தண்ணியில ஒண்ணுமில்லை" என்ற குரல் தெளிவாகக் கேட்டது. "நான் இதைத்தான் குடிக்கிறேன். இதோ, உங்க முன்னாடியே குடிச்சிட்டேன்."

அப்பாடா என்று ஊசி மூச்சு விட்டான். விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் செக்ரட்டரியின் குரல் வீறிட்டது.

"ஐயோ, அம்மாவை என்ன சொல்லி மிரட்டினானுங்க? குடிக்க வச்சுட்டானுங்களே! வாந்தி எடுக்க வைங்க, சீக்கிரம்!"

"மிரட்டலைம்மா, நான்தான்..."

"நீங்க பேசாதீங்க, உக்காருங்க. தலை சுத்துதா?"

கதவில் அடி மேல் அடியாக விழுந்தது. தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று தெறித்து மோட்டார்மேல் பட்டது. ஊசி முதுகைக் கதவில் கொடுத்து நின்றான். நர்ஸம்மா கிளப்பிவிட்ட பேச்சு, இப்போது நர்ஸம்மா சொன்னால்கூட நிற்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது. பெற்றவளையே அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"அத்தான், நான் வேணா பேரை வெளியே கத்தட்டுமா?" என்றான் ஊசி.

"கத்து. யார் நம்புவா?" என்றார் பூட்டு. அவர் குரலிலும் தெம்பு இல்லை.

அப்போது முற்றத்தில் தம்ளர் விழுந்து உருளும் ஓசை கேட்டது. தொடர்ந்து நர்ஸம்மாவின் குரல். ஆஸ்பத்திரி வராந்தாவை அதட்டி அடக்கிய பழைய குரலாக இருக்க வேண்டும்.

"பேப்பர்காரரை இடிச்சது என் பையன்! அதை இவர் பார்த்துட்டார். நாளைக்குச் சொல்லப் போறார். அதுக்காகத்தான் இவர் மேல நான் பழி போட்டேன். தண்ணி நல்ல தண்ணி. நான் பொய் சொன்னேன். போதுமா?"

யாரோ படியிறங்கி ஓடினார்கள். கதவில் அடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வாத்தியாரின் குரல் மெல்ல வந்தது. "பெத்த பையன் மேல யாரும் பொய்யா பழி போட மாட்டாங்க."

கீழ்த்தளத்திலிருந்த கால்களெல்லாம் படியேறி முற்றத்துக்குத் திரும்பின. மன்னிப்பு என்ற சொல் எங்கும் கேட்கவில்லை. "எனக்கு அப்பவே சந்தேகம்தான், தண்ணியில வாடைகூட இல்லையே" என்றது ஒரு ஷூ. "பம்ப்காரர் தங்கமான மனுஷன்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்" என்றது வெள்ளி வார்ச் செருப்பு. ஊசிக்குச் சிரிப்புத் திரும்ப வரத் தொடங்கியிருந்தது.

அது பாதியில் நின்றது.

"அந்தப் பையன் பார்வையே சரியில்லைன்னு எல்லாரும் சொல்வாங்க" என்றது வேறொரு குரல். "குடிச்சுட்டுத்தான் ஓட்டியிருப்பான்." "இதுக்கு முன்னாடியும் ஒருத்தரை இடிச்சிருக்கானாம்." "அப்படியா?" "அப்படித்தான் பேசிக்கிறாங்க." பூட்ஸ்கால் திரும்பியது. கடப்பாரை தரையில் உரசியது. "இப்ப எங்க இருக்கான் அவன்?"

பூட்டுக்கு முன்னால் பம்ப்காரர் நகர்ந்தார். ஆடிக்கொண்டிருந்த உள்தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்து, கீழ்த்தளத்தின் பின்படி வழியாக ஓடினார். தரைத்தளத்தில் படியை ஒட்டிய வீடுதான் நர்ஸம்மா வீடு. பூட்டு பின்னாலேயே ஓடினார். ஊசி படியின் பாதியில் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்து, போலீஸுக்கு போன் போட்டான். அந்தக் கட்டிடத்திலிருந்து போன முதல் அழைப்பு அதுதான். எதிர்முனையில் பதில் கேட்டு, விலாசத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வைத்தான்.

அவன் நிமிர்ந்தபோது பம்ப்காரர் ஒரு இளைஞனைத் தோளோடு அணைத்துக் கீழே கூட்டி வந்துகொண்டிருந்தார். பின்னால் நர்ஸம்மா, செருப்பில்லாமல்.

"உள்ள வா தம்பி. மேல இருக்கிற மரக்கதவு ஒரு அடிக்குத் தாங்காது. இது இரும்பு."

மறுபடி தாழ்ப்பாள் விழுந்தது. இந்த முறை உள்ளேயிருந்து. திருகாணி போன இடத்தில் பம்ப்காரர் ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்தார். இப்போது ஐந்து பேர். ஜன்னலில் மறுபடி கால்கள் கூடின. யாரோ குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "இங்கதான் ஒளிச்சு வச்சிருக்கானுங்க!" என்றார்கள்.

நர்ஸம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பம்ப்காரரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. அவர் கெட்டிலில் மிச்சமிருந்த டீயை இரண்டு தம்ளரில் ஊற்றினார். ஒன்றைப் பையனிடம் கொடுத்தார். இன்னொன்றை அவள் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "சூடா இருக்கும்மா. பார்த்து."

பூட்டு பையனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஒரு பெண் அந்தப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிக்காம போனே?"

பையன் தம்ளரை உதடுவரை கொண்டுபோய் இறக்கினான். மேலே படிந்திருந்த ஆடை ஓரத்தில் ஒட்டி விலகியது. அவன் ஜன்னலைப் பார்த்தான். கம்பிக்கு வெளியே ஒரு கால் வைக்கக்கூட இடமில்லாமல் நிறைந்திருந்தது.

"நிறுத்தத்தான் நினைச்சேன் சார்" என்றான். "கூட்டம் சேர்ந்துடும்னு பயந்துட்டேன்."